ஒன்றரைச் சுற்று

பயப்படாதேங்கோ அண்ணை. காற்றுத்தான். காற்று அடித்தால் நிற்பாட்டுவார்கள், காற்று அடங்கினால் ஓடவிடுவார்கள். இப்போது மேலே ஸ்பீக்கரில் ஒருவன் ஜெர்மனில் கதைத்தானே, அவனும் அதைத்தான் சொல்கிறான். கொஞ்சம் பொறுத்திருக்கட்டாம். எவ்வளவு நேரமென்று சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள்.

கம்பியில் தொங்குகிற இந்தப் பெட்டி நின்றதும் நீங்கள் "முருகா" என்றீர்கள். அப்போதுதான் தமிழாள் என்று கண்டுபிடித்தேன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டால் எல்லோரும் ஒன்றுதானே. கோயம்புத்தூரா? நல்லது. முன்பெட்டியில் இருப்பது உங்கள் மனைவியும் பிள்ளைகளுமா? கையைக் காட்டுங்கோ. பாருங்கோ, சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பயமில்லை. பயமெல்லாம் தகப்பன்மாருக்குத்தான்.

என் காலைப் பார்க்கிறீர்கள். பார்ப்பீர்கள்தான். பனிமலைக்கு வருகிற ஒருவன் இந்தச் செருப்போடு வருவானா? இது சமையலறைச் செருப்பு. கீழே நீங்கள் பஸ்ஸால் இறங்கின இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் இருக்கிறது, பச்சை யன்னல் போட்டது. அங்கேதான் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோழி வெட்டிக்கொண்டு நின்றேன். பாத்திரம் கழுவுகிற போர்த்துக்கீசன் வந்து, "தவா, நீ இன்னும் போகவில்லையா? இன்றைக்குத்தானே உன் மகளுக்குத் தெரிவு?" என்று கேட்டான். அவனுடைய மகளும் அதே சறுக்கல் கிளப்பில் இருக்கிறாள். "இல்லையடா, ஞாயிற்றுக்கிழமை" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "இன்றைக்குத்தான். மேலே கொடியெல்லாம் கட்டிவிட்டார்கள்" என்றான். கத்தியை வைத்தேன். ஜாக்கெட்டைக் கொளுவினேன். வந்துவிட்டேன்.

மனிசி கிழமையை மாறிச் சொல்லிவிட்டாள். அவளுக்கும் வேலை, களைப்பு. மகளும் ஞாயிறென்றுதான் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே பிழை. நடக்கிறதுதானே.

உங்களுக்கு விளங்கவேண்டும் என்று கொஞ்சம் சுத்தமாகக் கதைக்கிறேன். எங்களுடைய பேச்சு வேகமாகப் போனால் இந்தியாக்காரருக்குப் பிடிபடாது என்பார்கள். பிடிபடாவிட்டால் சொல்லுங்கோ.

மகளுக்கு நிதர்சனா என்று பெயர். வீட்டில் நிது. பதினாறு வயது, ஒரே பிள்ளை, இங்கேயே பிறந்தவள். இங்கே பள்ளிக்கூடத்திலேயே பனிக்குக் கூட்டிப்போய்ச் சறுக்கப் பழக்குவார்கள். மற்றப் பிள்ளைகளெல்லாம் காலுக்கொன்றாக இரண்டு கட்டை பூட்டிக்கொண்டு போனார்கள். இவள் ஒற்றைப் பலகைதான் வேண்டுமென்றாள். இரண்டு காலையும் ஒரே பலகையில் இறுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று சறுக்கிக்கொண்டு போவது. நான் கேட்டேன், "ரெண்டு காலையும் கட்டிப்போட்டால் விழேக்கை என்னண்டு பிள்ளை ஊன்றுவாய்?"

"ஊன்றக் கூடாதப்பா. ஊன்றினால் கை முறிஞ்சிடும்."

சிரித்துக்கொண்டு சொல்கிறாள், அண்ணை.

சறுக்குவதோடு நின்றிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். போன மார்கழியில்தான் இந்தச் சுற்றுகிற பைத்தியம் பிடித்தது. பனியைக் குவித்து ஒரு மேடு கட்டுவார்கள். மேலேயிருந்து வேகமாக வந்து, மேட்டு நுனியில் எழும்பி, ஆகாயத்தில் சுற்றி, அந்தப் பக்கத்துச் சரிவில் இறங்கவேண்டும். முதலில் அரைச் சுற்று. முன்பக்கமாகப் போனவள் பின்பக்கமாக இறங்குவாள். பிறகு முழுச் சுற்று. போன மாதிரியே இறங்குவாள். அதற்குப் பிறகு ஒன்றரை. முழுக்கச் சுற்றி, அது காணாதென்று இன்னும் பாதி சுற்றி, பின்பக்கமாகப் பனியில் வந்து இறங்கவேண்டும். யார் கேட்டார்கள் இதை?

வீட்டு ஹோலில் கம்பளத்தில் நின்று பழகுவாள். வெறுங்காலோடு. இரண்டு தோளையும் முதலில் எதிர்ப்பக்கம் முறுக்குவாள், பொம்மைக்குச் சாவி கொடுக்கிற மாதிரி. பிறகு விட்டுவிடுவாள். தொம். கீழ்வீட்டுக் கிழவி தும்புத்தடியால், விளக்குமாற்றுக் கம்பால், கீழேயிருந்து எங்கள் நிலத்தில் இடிப்பாள். டொக். தொம், டொக், தொம், டொக். அதுதான் எங்கள் வீட்டு மார்கழிப் பஜனை.

ஆடுகிறது. ஓம், கொஞ்சம் ஆடும். நடுவில் இருங்கோ, ஓரத்தில் இருந்தால்தான் ஆட்டம் கூடுதலாகத் தெரியும்.

ட்ரெயினர் ஒருவன் இருக்கிறான். ரேத்தோ. தாடி வைத்த பெடியன். அவனுக்கு எல்லாம் தலைதான். "தலை திரும்பின பக்கம் தோள் வரும். தோள் போன பக்கம் இடுப்பு வரும். பலகை கடைசியில்தான் வரும். கண்ணை எங்கே வைக்கிறாயோ அங்கேதான் உன் உடம்பு போகும்." இதையே திருப்பித் திருப்பிச் சொல்வான். நிது பல்லு விளக்கும்போதும் அதைத்தான் முணுமுணுப்பாள். கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது. கெட்டிக்காரன்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. மனிதரோடு பழகத்தான் தெரியாது.

எனக்குப் புதன்கிழமை லீவு. மற்ற நாட்களில் அவள் பள்ளிக்கூடம் விட்டுத் தன்பாட்டில் மேலே போய்விடுவாள். புதனென்றால் நானும் போவேன். மற்றத் தகப்பன்மார் மேலே ரெஸ்டோரண்டில் பியர் குடித்துக்கொண்டு இருப்பார்கள். நான் அப்படியில்லை. மேட்டுக்குக் கீழே, அவள் வந்து இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். பனி முழங்காலுக்கு வரும். நிற்பேன். அவள் எப்போதும் இடப்பக்கம்தான் சுற்றுவாள். மேட்டில் எழும்பினதும் முகம் என் பக்கம் வரும். அந்த நேரம் பார்த்து, "நிது, கவனம்!" என்று ஒரு சத்தம் கொடுப்பேன். நல்ல சத்தம். எனக்கு வாய் பெரிது, சமையலறையில் அரைவாசிப் பேருக்குக் காது அடைத்துப்போனது என்னால்தான் என்பார்கள்.

அவள் உடனே என்னைப் பார்ப்பாள். என்னதான் சொல்லுங்கோ, பிள்ளையல்லவா. ஆகாயத்தில் நிற்கும்போதும் அப்பாவைப் பார்க்கிறாள்.

ஆனால் விழுந்துவிடுவாள். அதுதான் எனக்கு விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமை முழுச் சுற்று மூன்று நான்கு தரம் வடிவாய்ச் சுற்றினேன் என்று வந்து சொல்வாள். புதன்கிழமை நான் போய் நின்றால் பாதியிலேயே அப்படியே நின்றுபோவாள், யாரோ பிடித்து வைத்த மாதிரி. பலகை குறுக்கே விழும். முகம் பனியில். நான் ஓடிப்போய்த் தூக்குவேன். கண்ணிலே, மூக்கிலே, வாயிலே எல்லாம் பனி. துடைத்துவிடுவேன். யோசித்துப் பாருங்கோ அண்ணை, அவள் விழுந்த நாளெல்லாம் நான் அங்கே இருந்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மற்றப் பிள்ளைகள் விழுந்தால் தூக்க ஆளில்லை. கடவுள் செயல் என்று வேறு எதைச் சொல்வது?

தை மாதம் மணிக்கட்டு முறிந்தது. அன்றைக்கும் நான் பக்கத்தில்தான். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வேனில் போகும்போது, "நீ ஏன் பிள்ளை கையை ஊன்றினாய்? ஊன்றக் கூடாதெண்டு நீதானே சொன்னனீ?" என்று கேட்டேன். முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கை நோவு அவளுக்கு.

கட்டு அவிழ்த்த பிறகு முதல் புதன்கிழமை மேலே போகிறேன், மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. ரேத்தோ என்னிடம் வந்தான். "தவா, இனிமேல் பெற்றோர் எல்லோரும் ரெஸ்டோரண்டில் இருந்துதான் பார்க்கவேண்டும்" என்றான். எல்லோரும் என்கிறான். நான் திரும்பிப் பார்த்தேன். கயிற்றடியில் என்னைத் தவிர ஒருவருமில்லை.

எனக்கு அந்த இடத்தில் என்ன தோன்றியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நிறம் பார்க்கிறான் என்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து சொன்னேன். மலர், என் மனிசி, சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "நீங்கள் அங்க போகாதேங்கோ."

"ஏன்? நான் என்ன பிள்ளைபிடிகாரனோ?"

"நீங்கள் போற நாளில அவள் விழுறாள்."

"அதைத்தானே நானும் சொல்லுறன். விழுற நாளில நான் இல்லையெண்டால் என்ன செய்யிறது?"

என்னைப் பார்த்தாள். எழும்பிப்போய்ப் பாத்திரம் கழுவினாள். என் சோற்றுக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

யார் அது? ஓ, ஸ்பீக்கர். பொறுங்கோ, கேட்கட்டும். காற்று இன்னும் விடவில்லையாம். பெட்டிக் கதவைத் தொடவேண்டாமாம். யார் தொடப்போகிறார்கள், கீழே பாருங்கோ எவ்வளவு ஆழம். இல்லை, பார்க்காதேங்கோ. உங்கள் பிள்ளைகளைப் பாருங்கோ. அதுதான் நல்லது.

இன்றைக்கு என்ன தெரிவென்று சொல்லவில்லையே. மூன்று மலைக்கு அங்கால் ஒரு விளையாட்டுப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கேயே தங்கி, அங்கேயே படிப்பு, அங்கேயே சறுக்கல். இன்றைக்கு அவர்கள் முன்னால் ஒன்றரைச் சுற்று சுற்றி விழாமல் இறங்கினால் எடுப்பார்கள். எடுத்தால் ஆவணியில் போய்விடுவாள். சனி ஞாயிறுகூட எல்லா வாரமும் வரமுடியாதாம். விழுந்தால் எடுக்க மாட்டார்கள். அடுத்த வருசம் வயது கூடிவிடும், கேட்கவும் முடியாது.

நான் வேண்டாமென்று ஒருநாளும் சொல்லவில்லை அண்ணை. நன்றாகக் கேளுங்கோ. வேண்டாம் என்ற சொல் என் வாயிலிருந்து வரவேயில்லை. கவனம் என்றுதான் சொன்னேன்.

எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்து மலை மறைத்துவிடும், குளிர்காலம் முழுக்க வெயில் படாது. எதிர்ப்பக்கத்து வீடுகளில் வெயில் அடிக்கும், அதை எங்கள் யன்னலால் பார்க்கலாம். நல்ல காட்சி. ஒருநாள் நிது யன்னலடியில் நின்று, "அப்பா, எனக்கு இஞ்ச மூச்சு முட்டுது" என்றாள். நான் எழும்பி யன்னலைத் திறந்துவிட்டேன். குளிர் குபுகுபுவென்று வந்தது. கொஞ்ச நேரத்தால் அவளே வந்து பூட்டினாள். அப்படித்தான், இந்த வயதில் என்ன வேண்டுமென்று தங்களுக்கே தெரியாது.

நானும்தான் வேறு எங்கே போவது? இந்த ஊருக்கு வந்தபோது ஒரு குளிர்காலம் மட்டும் என்றுதான் வந்தேன். பிறகு கல்யாணம், பிறகு அவள் பிறந்தாள். விடியப் போனால் கோழி, வெங்காயம். பின்னேரம் வந்தால் அவள் கம்பளத்தில் நின்று தொம்மென்று குதிப்பாள். அந்தச் சத்தம் படியேறும்போதே கேட்கும். கேட்டால் இருக்கிறாள் என்று அர்த்தம். ஆவணிக்குப் பிறகு கீழ்வீட்டுக் கிழவிக்கும் வேலையில்லாமல் போய்விடும்.

அட, மேகம் விலகுகிறது. அண்ணை, இங்கே வாங்கோ. என் பக்கம் வாங்கோ. ஆடாது, வாங்கோ. அந்தக் கொடிகள் தெரிகிறதா? சிவப்பும் வெள்ளையும். அதுதான் மேடு. கடவுளே, சரியாக அதற்கு நேரே கொண்டுவந்து நிற்பாட்டியிருக்கிறான். இறங்குகிற சரிவு எங்களுக்கு நேர் கீழே. அங்கே மேலே, மஞ்சள் ஜாக்கெட், பலகையைப் பூட்டிக்கொண்டு குந்தியிருக்கிறாளே, அதுதான் நிது. என் பிள்ளை. பக்கத்தில் தாடிக்காரன். கயிற்றுக்கு அங்கால் நீல ஜாக்கெட்டோடு நிற்பது... மலர் மாதிரி இருக்கிறது. மலர்தான். அவளுக்கு இன்றைக்கு வேலை என்றல்லவா சொன்னாள்.

லீவு கேட்டிருப்பாள். கடைசி நேரத்தில் கிடைத்திருக்கும்.

இந்த யன்னலில் மேலே ஒரு சின்னக் கதவு இருக்கும். காற்றுக்கு. இதோ. திறபடுகிறது. மன்னிக்கவேணும், குளிர் வரும், கொஞ்ச நேரம்தான். எழும்பிவிட்டாள். வருகிறாள். பாருங்கோ என்ன வேகம். தோளை முறுக்குகிறாள்...

நிது! கவனம்! நிதூ!

பார்த்தீர்களா? நின்றுவிட்டாள்! மேட்டுக்கு முன்னாலேயே பலகையைத் திருப்பி நின்றுவிட்டாள். கேட்டிருக்கிறது! இந்தக் காற்றிலும் கேட்டிருக்கிறது அண்ணை! தேடுகிறாள். ஒவ்வொரு பெட்டியாகப் பார்க்கிறாள். நிது! இங்கே! கையைக் காட்டுங்கோ நீங்களும். கண்டுவிட்டாள். இந்தப் பெட்டியைத்தான் பார்க்கிறாள்.

கை காட்டவில்லை.

கை காட்டுகிற நேரமா இது. தாடிக்காரன் ஓடிவருகிறான். மலரும் இங்கேதான் பார்க்கிறாள். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்க்கிறாள், வெயில் கூசும். இல்லை, வெயில் இல்லைத்தான். நிது அவனுக்கு என்னவோ சொல்கிறாள். அவன் தலையை ஆட்டுகிறான், வேண்டாம் என்கிற மாதிரி. அவள் திரும்பவும் சொல்கிறாள். பலகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்ப மேலே ஏறுகிறாள். இன்னொரு தரம் விடுகிறார்கள்போல. பார்த்தீர்களா, என் சத்தத்தால் ஒரு விழுகை தப்பியது. அப்படியே வந்திருந்தால் விழுந்திருப்பாள். எனக்கு அவளுடைய தோளைப் பார்த்தால் தெரியும்.

அண்ணை, அந்தச் சின்னக் கதவை ஏன் பூட்டுகிறீர்கள்?

உங்களுக்குக் குளிருகிறது. விளங்குகிறது. வெயில் ஊர்க்காரர் நீங்கள். ஆனால் ஒரு நிமிடம். அவள் இறங்கட்டும், பிறகு பூட்டுவோம். கொஞ்சம் தள்ளுங்கோ. அண்ணை. நான் மரியாதையாகச் சொல்கிறேன், தள்ளுங்கோ. உங்களுக்கும் பெண்பிள்ளை இருக்கிறதல்லவா? அந்தப் பெட்டியில் சிவப்புத் தொப்பியோடு இருப்பது உங்கள் மகள்தானே? அவள் இப்படி ஒரு இடத்தில் குதிக்கப்போகிறாள் என்றால் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பீர்களா? என்ன தலையை ஆட்டுகிறீர்கள்? ஓமா, இல்லையா? உங்கள் ஆட்களின் தலையாட்டல் எனக்கு விளங்குவதில்லை.

கையை விடுங்கோ. வருகிறாள். கையை விடுங்கோ அண்ணை!

கவனம்! நிது! கவனம்!

ஐயோ, மாறிச் சுற்றுகிறாள். வலப்பக்கம். பிழையான பக்கம்! முதுகைக் காட்டிக்கொண்டு எழும்புகிறாள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தப் பக்கம் சுற்றினால் இறங்குகிற இடம் கடைசி வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கட்டிக்கொண்டு குதிக்கிற மாதிரி, பார்க்கவே ஏலாது, நான் பார்க்கவில்லை, சொல்லுங்கோ, என்ன நடந்தது, விழுந்தாளா?

நிற்கிறாளா?

நின்றுகொண்டு போகிறாளா? பின்பக்கமாகவா? ஓம். ஓம், போகிறாள். கையைக்கூட விரிக்கவில்லை. தாடிக்காரன் பனியில் முழங்காலில் விழுந்து கிடக்கிறான், பாருங்கோ அந்த விசரனை. மலர் கயிற்றுக்குள்ளாலே குனிந்து ஓடுகிறாள். ஓடத் தெரியாது அவளுக்குப் பனியில். விழப்போகிறாள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஒன்றரை. ஒன்றரை சுற்றிவிட்டாள்.

நான் சொன்னேன்தானே. சத்தம் கேட்டிருக்கிறது. கண்ணாடிக்குள்ளாலும் கேட்டிருக்கும். கேட்டபடியால்தான்...

இல்லை, நான் அழவில்லை. குளிர் அண்ணை, அந்தக் கதவைத் திறந்ததால் வந்தது. ஆனால் அந்தப் பக்கம் அவள் ஒருநாளும் சுற்றினதில்லை. நான் நின்ற நாட்களில் சுற்றினதில்லை. எப்போது பழகினாள்? செவ்வாய்க்கிழமைகளிலா?

அட, ஓடத் தொடங்கிவிட்டது. நல்லது. இப்போது மேலே போய்விடலாம். நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லப்போவதில்லை, சும்மா போய்ப் பக்கத்தில் நிற்பேன். ஏன் இது... அண்ணை, இது கீழே அல்லவா போகிறது? பொறுங்கோ, சொல்கிறான். காற்று மோசமாம். எல்லாப் பெட்டியையும் பின்னுக்கு இழுத்துக் கீழேயே கொண்டுபோய் இறக்குகிறார்களாம். இன்றைக்கு இனி மேலே விடமாட்டார்களாம்.

கீழேயா. சரி. கோழி பாதியில் கிடக்கிறது.

நீங்கள் கவலைப்படாதேங்கோ, உங்கள் மனைவியும் பிள்ளைகளும் பின்னாலேயே வருகிறார்கள். சிரிக்கிறார்கள். அண்ணை, நீங்கள் மேல்பக்கம் பார்த்துத்தானே நிற்கிறீர்கள். உங்களுக்கு இன்னும் தெரியும். அந்த மஞ்சள் ஜாக்கெட் தெரிகிறதா? இந்தப் பக்கம் பார்க்கிறாளா?

வடிவாய்ப் பாருங்கோ.

இல்லையா.

பரவாயில்லை. இன்னும் சரிவில்தானே நிற்கிறாள், பலகையும் காலில். அந்த இடத்தில் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவாள்.